காவலும் பதிவேடும்: கரிசல் வட்டாரத்தில் குற்றப்பதிவும் பிழைப்பும்

முன்னுரை

சிறு குற்றத்திற்கான தண்டனை அபராதத்தோடோ சில நாள் சிறையோடோ முடிந்துவிடும். அதைப் பற்றிய பதிவோ வேலை தேடும் காலம் முழுவதும் உடன்வரும். இந்நிலை புதிதன்று. தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த பசுவந்தனையையும் அதனைச் சூழ்ந்த கரிசல் பகுதியையும் முன்னிறுத்தி இதன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழில் குற்றமாதல்

இவ்வட்டாரம் பாஞ்சாலங்குறிச்சியை அடுத்த பாளையக்காரர் நிலம். ஊரையும் வழியையும் காத்து, அதற்கு ஈடாகக் குடிகளிடம் காவல்கூலி பெறுதல் இங்கு முறையான தொழிலாக இருந்தது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையப் போர் ஒடுக்கப்பட்டபின் மக்கள் ஆயுதம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சம்பளம் பெறும் காவல்துறை உருவானது. அதன்பின் அதிகாரிகளின் பார்வையில் பழைய காவல்கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாயிற்று. தொழில் மாறவில்லை, அதற்கு அரசு இட்ட பெயர் மாறியது.

பதிவேட்டின் ஆட்சி

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. தென்மாவட்டங்களில் கள்ளர், மறவர் பிரிவினர் சிலர் இதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். பதிவு செய்யப்பட்டவரைக் குறித்த வேளைகளில் நேரில் வரவும், இருப்பிட மாற்றத்தைத் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்த இச்சட்டம் இடமளித்தது. மானாவாரிப் பருவம் முடிந்ததும் வெளியூர் வேலைக்குச் செல்ல வேண்டிய கூலிக் குடும்பங்களுக்கு நடமாட்டத்தின்மீதான கட்டுப்பாடு பிழைப்பின்மீதான கட்டுப்பாடே ஆகும். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. 1948இல் வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் அதன் இடத்திற்கு வந்தது. பதிவின் அடிப்படை சாதியிலிருந்து தனிமனிதருக்கு மாறியதேயன்றிப் பதிவேடு ஒழியவில்லை.

மன்னிப்பின் எல்லை

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வேறொரு கோட்பாட்டை முன்வைத்தது. நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் விளையும் தகுதியிழப்பு நேராது என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் அப்பிரிவு குற்றத் தீர்ப்பையே அழித்துவிடாது என உச்ச நீதிமன்றம் 1990இல் பக்ஷி ராம் வழக்கில் விளக்கியது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பக் குற்றத்தை விண்ணப்பத்தில் மறைத்திருந்தாலும் வேலையளிப்பவர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என 2016இல் அவதார் சிங் வழக்கில் கூறியது. இது வேலையளிப்பவரின் விருப்புரிமையே, விண்ணப்பதாரரின் உரிமையன்று. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளோ, ஐயத்தின் பயனால் விடுதலை பெற்றவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதின. காவலைத் தொழிலாகக் கொண்டிருந்த நிலத்தின் இளைஞர்க்கு, இன்றைய காவல் பணியின் வாயில்தான் மிகக் குறுகியதாக உள்ளது.

2018 மே மாதம் நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதனை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கையை ஏற்று, அரசு வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. கைதானோரின் உயர்கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் தடையில்லாச் சான்று வழங்கவும் முன்வந்தது. வழக்கைக் கைவிடுவது மட்டும் போதாது, பதிவை எதிர்கொள்ள மற்றொரு சான்று வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் இது.

முடிவுரை

பதிவை எழுதுவது அரசின் கடமையாகவும், அதனைப் பொறுத்தருள்வது அதிகாரியின் விருப்பமாகவும் நிலைபெற்றிருப்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. தூத்துக்குடியில் ஒரு நிகழ்வை ஒட்டி வழங்கப்பட்ட சான்று, சிறு குற்றத்திற்கான தண்டனையை முடித்த எவரும் கோரிப் பெறத்தக்க உரிமையாக வேண்டும். அதுவரை தண்டனையின் முடிவு நாளைச் சட்டம் முழுமையாக வரையறுத்ததாகக் கொள்ள இயலாது.