வாரன் மாவட்டப் போராட்டமும் திருச்சபையின் ஆய்வும்

சுற்றுச்சூழல் காப்பு என்றவுடன் காடும் மலையும் அருகிவரும் விலங்கினமும் நினைவுக்கு வருதல் இயல்பு. நஞ்சு எவர் வாழும் ஊரில் கொட்டப்படுகின்றது என்னும் வினா நெடுங்காலம் அத்துறையினுள் இடம்பெறவில்லை. அதனை நாடறிய எழுப்பியோருள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பினக் கிறித்தவர்களும் அவர்தம் போதகர்களும் முதன்மையானவர்கள். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1978-ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில், மின்மாற்றிகளிற் பயன்பட்ட நச்செண்ணெயைச் சிலர் 200 மைல்களுக்கு மேற்பட்ட சாலையோரங்களில் இரவோடிரவாகக் கொட்டிச் சென்றனர். பி.சி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் கொடிய வேதிப்பொருள் அவ்வெண்ணெயிற் கலந்திருந்தது. நஞ்சு தோய்ந்த மண்ணை அகழ்ந்து புதைப்பதற்கு அரசு தேர்ந்த இடம் வாரன் மாவட்டத்தின் ஆஃப்டன் என்னும் சிற்றூர். அம்மாவட்டத்தாருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர்; வறியவர்; கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தவர். நிலத்தடி நீர்மட்டமோ ஆண்டு ஆழத்தில் இல்லை. ஆகவே, நில இயல்பு நோக்கித் தேர்ந்த இடமன்று இஃது என மக்கள் ஐயுற்றனர். நீதிமன்றத்தை நாடியும் பயன் விளையவில்லை.

1982 செப்டம்பரில் மண்வண்டிகள் வரத் தொடங்கின. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்டு திருச்சபையின் கோயிலே மக்கள் கூடுமிடமாயிற்று. அங்கு வழிபட்டு, பாடிக்கொண்டே ஊர்வலமாகச் சென்று, வண்டிகளின் முன் சாலையிற் படுத்தனர். லியோன் ஒயிட், பெஞ்சமின் சேவிஸ் ஆகிய போதகர்கள் இப்போராட்டத்தில் முன்னின்றனர். வெள்ளையர் சிலரும் உடன் நின்றனர். ஏறத்தாழ ஆறு வாரங்களில் 500-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். குடியுரிமைப் போராட்டத்திற் பயின்ற அறவழி முறை இங்ஙனம் ஒரு புதிய களத்திற்கு வந்தது. எனினும், வண்டிகள் நிற்கவில்லை, மண் புதைக்கப்பட்டது.

போராட்டம் தோற்ற இடத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. கைதானவருள் ஒருவர் வால்டர் ஃபான்ட்ராய். போதகரும் நாடாளுமன்றப் பேராளருமாகிய அவர், இது பற்றி ஆராயுமாறு அரசின் தணிக்கைத் துறையை வேண்டினார். தென்கிழக்கு மாநிலங்கள் எட்டில் இருந்த நான்கு பெரும் நச்சுக்கழிவுப் புதையிடங்களுள் மூன்று, கறுப்பினத்தார் மிக்க பகுதிகளிலேயே அமைந்தன என்று 1983-இல் அத்துறை அறிவித்தது.

கிறிஸ்துவின் ஐக்கிய திருச்சபையைச் சார்ந்த இன நீதி ஆணையம் நாடு முழுமையும் ஆராய்ந்து, 1987-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கழிவு நிலையங்களின் அமைவிடத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது வறுமையினும் இனமே என்பது அதன் முடிபு. கறுப்பினத்தாருள்ளும் இசுப்பானிய வழியினருள்ளும் ஐவருக்கு மூவர், கட்டுப்பாடற்ற நச்சுக்கிடங்குகள் உள்ள பகுதிகளில் வாழ்ந்தனர் என்பதும் அதனாற் புலனாயிற்று.

இம்முடிபு மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. சிறு நிலக்கூறுகளை அளவாகக் கொண்டு 1994-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அத்தகைய வேறுபாடு தெளிவாக இல்லை என்றது. நிலையத்திலிருந்து உள்ள தொலைவையே அளவாகக் கொண்டு, அத்திருச்சபையின் சார்பில் 2007-இல் மற்றுமோர் ஆய்வு நிகழ்ந்தது. நிலையங்களுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வாழ்வோருள் 56 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதோர் என்றும், பிற இடங்களில் அவ்வளவு 30 விழுக்காடே என்றும் அது காட்டிற்று. அளவுகோல் திருந்தியபோது வேறுபாடு மேலும் விளங்கித் தோன்றியமை நோக்கத்தக்கது.

1991-இல் அவ்வாணையம் வாஷிங்டனிற் கூட்டிய மாநாடு, சூழல் நீதிக்கு 17 கொள்கைகளை வகுத்தது; நிலத்தாயின் புனிதத்தை உரைப்பது அவற்றுள் முதலாவது. 1994-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன், நடுவண் அரசுத் துறைகள் சூழல் நீதியைக் கருதவேண்டும் என ஆணை பிறப்பித்தார். வாரன் மாவட்டத்து மண்ணும் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் டாலர் செலவில் வெப்பமூட்டித் தூய்மை செய்யப்பட்டது. 2003-இல் அப்பணி முடிந்தது. ஆயின், கிளிண்டனின் ஆணை 2025 சனவரியில் நீக்கப்பட்டுவிட்டது.

இவற்றால் அறியலாகும் உண்மை ஒன்றுண்டு. கோயில் மக்களுக்குக் கூடும் இடத்தையும் துணிவையும் தந்தது. அவர்தம் முறையீட்டிற்குச் சான்று தேடித் தந்தது அத்திருச்சபையின் ஆய்வு. ஆட்சியின் ஆணை ஒரு கையெழுத்தால் மறையும். எண்ணி அளந்து நிறுவிய சான்று அங்ஙனம் மறைவதன்று. புவி வெப்பமுறுதலால் முதற்கண் துன்புறுவோர் யாவர் என இன்று எழும் வினாவும் ஆஃப்டன் சாலையில் எழுந்த வினாவின் தொடர்ச்சியே எனலாம்.