உம்மாவின் கட்டிலும் ராத்தாவின் வீடும்: உதவித்தொகைக் கணக்கெடுப்பில் கவனிக்க வேண்டியவை

கல்முனைக் கரையோரத்தில் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் முதுமையைக் கழிக்கும் உம்மாமார் ஏராளம். பாரிசவாதம் வந்த நாள் முதல் என் உம்மாவும் ராத்தாவின் வீட்டில்தான் கிடையில் இருக்கிறார்.

அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வந்தவர் டைல்ஸ் தரையையும் மச்சானின் மோட்டார் சைக்கிளையும் பதிந்துகொண்டார். உம்மாவின் கட்டிலருகே அவர் போகவில்லை, நாங்களும் அழைத்துப்போகவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என 6 துறைகளில் 22 அளவுகோல்களை வைத்து முழுக் குடும்பத்தையும் மதிப்பிடுகிறார்கள். வீட்டின் தோற்றம் தானாகப் பேசிவிடும். பராமரிப்பின் பாரத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் குறைந்த வருமானமுள்ள, 70 வயதைக் கடந்த முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 5,000 ரூபா. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 10,000 ரூபா.

ஆகவே, கிளினிக் கொப்பியையும் வைத்தியச் சான்றிதழையும் பிரதி எடுத்து ஆயத்தமாக வையுங்கள். பேம்பர்ஸ், மருந்து, ஆட்டோக்கூலி ஆகியவற்றுக்கு மாதம் எவ்வளவு போகிறதென்று எழுதுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதென்பதையும் சொல்லுங்கள். பெயர் விடுபட்டால் அறிவிக்கப்படும் திகதிக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகளின் பங்கு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் கடமையாக்கியிருக்கிறது. தன்னைப் பராமரிக்க இயலாத, 60 வயதைக் கடந்தவர் பிள்ளைகளிடமிருந்து மாதாந்தத் தொகை கோரி, அச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

எந்த உம்மாவும் அந்தப் படியேற விரும்பமாட்டார். ஏற வைக்கவும் கூடாது. கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கும் நாங்கள் பெருநாளைக்கு உடுப்பு அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். உம்மாவை இரவில் புரட்டிப் படுக்க வைப்பவர் ராத்தா. வீட்டைப் பெற்றது அவர்தானே என்பது அதற்குப் பதிலாகாது. நாங்கள் சகோதரர்கள் மூவரும் இப்போது மாதம் பிறந்ததும் ஆளுக்கொரு தொகையை ராத்தாவின் வங்கிக் கணக்கில் போடுகிறோம். அரச உதவி கிடைத்தாலும் அது நிற்காது.