சைக்கிளும் மோட்டாரும்: சாலையில் பொறுப்பு யாருக்கு?



ஜொகூர் மாநிலத்தில், கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் செடெனாக். அந்தப் பக்கத்துத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேச்செடுத்தால், மூத்தவர்கள் சைக்கிளைச் சொல்லாமல் விட மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போவது சைக்கிளில். பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்புவது சைக்கிளில். பிள்ளையை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சைக்கிளில்தான். பிறகு ரப்பர் மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. இன்று அதே செடெனாக்கில் கணினித் தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், கட்டுமானச் சாமான் ஏற்றிய லோரியும், காரும், மோட்டார் சைக்கிளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. சைக்கிள் மட்டும் மறைந்துவிடவில்லை. தகப்பன் கையில் இருந்தது, இன்று பிள்ளையின் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சாலையில் ஒரு மோட்டார் வண்டியும் சைக்கிளும் மோதிக்கொண்டால், பொறுப்பு யாருக்கு? இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'பெரிய வண்டிக்காரன்மேல்தான் எப்போதும் குற்றம்' என்பார் ஒருவர். 'சைக்கிள்காரன் குறுக்கே வந்தான், அவனுக்குச் சல்லிக் காசு கிடைக்காது' என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல. சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது. அந்த வழியைக் காண அதற்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், சைக்கிள் ஒரு வண்டியா என்பதே வழக்காக இருந்தது. 1879-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒருவர் சைக்கிளைக் கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டினார் என்று பிடிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட சட்டமோ 1835-இல் எழுதப்பட்டது. அப்போது குதிரை வண்டிதான் உண்டு. இப்போது நாம் அறிந்த சைக்கிள் கிடையாது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சைக்கிளும் வண்டியே என்று தீர்த்தது. 1888-இல் நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. இதன் பொருள் என்ன? சைக்கிள்காரருக்குச் சாலையில் போக உரிமை உண்டு. அதே நேரத்தில், சாலை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. உரிமையும் கடமையும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன.

அடுத்து மோட்டார் வண்டி வந்தது. 1896-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், டியூரியே என்ற மோட்டார் வண்டி ஒரு பெண்ணின் சைக்கிள்மேல் மோதியது. அந்தப் பெண்ணின் கால் முறிந்தது. ஓட்டியவர் காவலில் வைக்கப்பட்டார். அமெரிக்காவில் பதிவான முதல் மோட்டார் விபத்து இதுதான் என்று சொல்வார்கள். கவனியுங்கள் நேயர்களே: மோட்டார் வண்டியின் வரலாறு தொடங்கும்போதே, அடிபட்டவர் ஒரு சைக்கிள்காரர்.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வண்டிகளுக்குப் பதிவு எண்ணையும், ஓட்டுநருக்கு லைசென்சையும் கட்டாயமாக்கியது. பொறுப்பின்றி ஓட்டுவதைக் குற்றம் என்றது. ஆனால் ஓட்டுநரைத் தண்டித்தால் மட்டும் அடிபட்டவரின் வீட்டில் அடுப்பு எரியுமா? வண்டிக்காரரிடம் பணமே இல்லையென்றால், தீர்ப்பு வெறும் காகிதம்தானே? அதனால் 1930-இல் அங்கே மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாயிற்று. அதாவது, தன் வண்டியால் பிறருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் காப்புறுதி எடுக்காமல் யாரும் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. நம் நாட்டிலும் அதே ஏற்பாடு உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்று நடைமுறையில் இருக்கிறது. காப்புறுதி இல்லாத வண்டி மோதிவிட்டாலும் அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதற்காக, காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்த மோட்டார் காப்புறுதியாளர் கழகம் என்ற அமைப்பும் உண்டு.

இனி நடுக்கேள்விக்கு வருவோம். இருவர்மீதும் தவறு இருந்தால் என்ன செய்வது?

1809-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று. வீட்டைப் பழுது பார்த்த ஒருவர் சாலையின் குறுக்கே கம்பத்தைப் போட்டுவைத்தார். அந்தி நேரத்தில் ஒருவர் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து அதில் மோதி விழுந்தார். கம்பத்தைப் போட்டது தவறுதான். ஆனால் நீதிமன்றம், 'நீரும் கவனமாக வரவில்லை, ஆகவே உமக்கு ஒன்றுமில்லை' என்றது. துளி தவறு இருந்தாலும் முழு நட்டமும் அடிபட்டவர் தலையில்! 

1842-இல் இன்னொரு வழக்கு. ஒருவர் தம் கழுதையின் முன்கால்களைக் கட்டிச் சாலையில் மேயவிட்டார். வேகமாக வந்த குதிரை வண்டி அதன்மேல் ஏறியது. கழுதையை அங்கே விட்டது தவறு என்றாலும், வண்டிக்காரர் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று கழுதைக்காரருக்கு நட்டஈடு கிடைத்தது. இப்படியாக ஒருவருக்கு முழுவதும், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றே தீர்ப்புகள் நடந்தன.

இந்த அநியாயம் இங்கிலாந்தில் 1945-இல்தான் நீங்கியது. தவறைப் பங்கு போட்டு, நட்டஈட்டையும் அந்த அளவில் குறைப்பது என்று சட்டம் வந்தது. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: சைக்கிளில் போனவருக்கு நேர்ந்த நட்டம் 40,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். லோரிக்காரர் வேகமாக வந்தார். ஆனால் சைக்கிளில் விளக்கு இல்லை. தவறில் காற்பங்கு சைக்கிள்காரருடையது என்று நீதிமன்றம் கண்டால், 10,000 கழிந்து 30,000 ரிங்கிட் அவருக்குக் கிடைக்கும். ஆகவே, 'விளக்கு இல்லாமல் போனாயே, வழக்குப் போட உனக்கு என்ன வாய்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிறு பிள்ளைகளின் தவறைப் பெரியவர்களின் தவறைப் போல அளக்கக் கூடாது என்பதும் நிலைபெற்ற கொள்கை. 1966-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான வழக்கு ஒன்றில், லோரிக்காரர் ஒருவர் நின்று கையைக் காட்டியதால், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி சாலையைக் கடந்தாள். லோரியைத் தாண்டி வந்த கார் அவள்மேல் மோதியது. அந்த வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு எச்சரிக்கையை எதிர்பார்க்கலாமோ அதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று கருதிய மேல்முறையீட்டு நீதிமன்றம், அவள்மீது தவறில்லை என்றது.

நேயர்களே, இவையெல்லாம் வேறு நாட்டுக் கதைகள். நம் ஜொகூரிலேயே நடந்த, யாராலும் மறக்க முடியாத ஒன்று உண்டு.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு, ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் பையன்கள் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, படுத்தபடி பறக்கும் 'பசிக்கல் லாஜாக்' என்ற சைக்கிள்கள் அவை. அவ்வழியே வந்த கார் அவர்கள்மேல் மோதியது. 13 முதல் 16 வயது வரையிலான எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். காரை ஓட்டியவர் 22 வயதுப் பெண். 

அவர்மீது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. பொறுப்பின்றியோ ஆபத்தாகவோ ஓட்டி மரணம் விளைவித்ததற்கான பிரிவு அது. 2019-இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம், எதிர்வாதம் செய்யும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2021-இல் மாஜிஸ்திரேட் மீண்டும் விடுதலை செய்தார். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, ஆறு ஆண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. நாடே இரண்டுபட்டது, அவருக்கு ஆதரவாக இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 11-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'பொறுப்பின்றி ஓட்டுவது' ஒரு குற்றம், 'ஆபத்தாக ஓட்டுவது' வேறொரு குற்றம். இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் கலந்தது முறையல்ல என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

ஆறு ஆண்டுகள்! எட்டுத் தாய்மார்கள் ஒரு பக்கம். இளவயதுப் பெண் ஒருத்தி மறுபக்கம். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன?

முதலாவது, குற்ற வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. குற்ற வழக்கில் ஓட்டுநரின் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். நட்டஈட்டு வழக்கில், எது நடந்திருக்கக் கூடும் என்று எடை போட்டுப் பார்த்தால் போதும். ஓட்டுநர் விடுதலையானார் என்பதாலேயே நட்டஈட்டுக் கதவு தானாக அடைபடுவதில்லை.

இரண்டாவது, சட்டத்தின் கடுமை மட்டும் பிள்ளைகளைக் காக்காது. 2020-இல் 41-ஆம் பிரிவின் தண்டனை, ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம் என்று உயர்த்தப்பட்டது. ஆனால் எந்தத் தண்டனையும் போன உயிரைத் திருப்பித் தந்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன?

வேறு நாடுகள் வேறு விதமாகவும் சிந்தித்திருக்கின்றன. நெதர்லாந்தில் 1970-களில் சாலையில் பிள்ளைகள் பலியானதைக் கண்டு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்கே மோட்டார் வண்டி மோதி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை காயமடைந்தால், பிள்ளை வேண்டுமென்றே செய்யாத வரையில், முழு நட்டஈடும் வண்டிக்காரர் தரப்பின் பொறுப்பு. 'வலிமையான வண்டி வைத்திருப்பவனே அதிக ஆபத்தைச் சாலைக்குக் கொண்டு வருகிறான்' என்பது அவர்களின் கருத்து. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கே ஓட்டுநரின் தவறை மெய்ப்பித்தாக வேண்டும். ஆகவே சாட்சியும் சான்றும் நமக்கு மிக முக்கியம்.

அப்படியானால், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? ஓட்டுநர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும், இது சட்டம். அடிபட்டவர் வீட்டார் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்களின் பெயரை எழுதிவையுங்கள். சைக்கிளை உடனே பழுது பார்க்காதீர்கள். அதுவும் ஒரு சாட்சி. நீங்களும் போலீசில் புகார் செய்து, அதன் நகலையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். படித்துப் புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். நாளைக் கடத்தாதீர்கள்: காயத்துக்கு ஆறு ஆண்டு, மரணத்துக்கு மூன்று ஆண்டு என்று கெடு உண்டு; அரசாங்கத்தின்மேல் வழக்கென்றால் மூன்றே ஆண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், சொக்சோவையும் மறக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று மாலை பிள்ளையின் சைக்கிளைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா? முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிகின்றனவா? மணி அடிக்கிறதா? பிள்ளை இரவில் எங்கே போகிறான் என்று நமக்குத் தெரியுமா? லோரியோ காரோ ஓட்டும் அண்ணன் தம்பிமாரும் ஒன்றை நினைக்க வேண்டும். தோட்டத்துச் சந்தியிலிருந்து ஒரு சைக்கிள் எந்த நேரமும் வெளியே வரலாம். அதில் வருவது நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு போடுவது விபத்துக்குப் பிறகு. நாமோ அதை முன்னதாகவே பங்கு போட்டுக்கொள்ள முடியும். அப்படிச் செய்தால், நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையே பல வீடுகளுக்கு வராது.