கப்பல் ஏற்றிவிடப்பட்டவர்கள்

1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் மலாயாத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசானது. வேலையே இல்லாமல் போனவர்களை என்ன செய்தார்கள்? பினாங்கில் கப்பல் ஏற்றி, நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டார்கள். 1930-க்கும் 1932-க்கும் இடையில் இப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். செலவு இந்தியக் குடியேற்ற நிதியுடையது. ஆளைக் கூட்டிவர முதலாளிகள் கட்டிய அதே நிதி.

கேட்பதற்குக் கருணை மாதிரிதான் இருக்கு. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடும் பொறுப்பு தோட்டத்துரையிடமிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் கைமாறியது, அவ்வளவுதான். அங்கேயும் அப்போது மந்தம்தான். 1934-இல் ரப்பர் விலை தேறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள்.

வேலை போனவனை ஊரை விட்டே அனுப்பிவிட்டால், வேலையில்லாதோர் கணக்கில் அவன் வரமாட்டான். மலாயா நெருக்கடியைச் சமாளித்தது என்று எங்காவது படித்தால், நான் முதலில் தேடுவது அந்த விடுபட்ட கணக்கைத்தான்.