சேட்டைக் குள்ளனின் பூர்வீகம்
டிசம்பரில் அமெரிக்க வீடுகளில் இரவோடிரவாக இடம் மாறி உட்காரும் எல்ஃப் என்ற குள்ளன் பொம்மை, 2005-இல் வந்த ‘தி எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்’ புத்தகம் கிளப்பிவிட்ட வியாபாரம் என்பார்கள். பாதிதான் உண்மை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் ஜப்பானியத் தயாரிப்புப் பொம்மைகள் 1960-களிலேயே அங்கே அலமாரி ஏறிவிட்டன. அதற்கும் முன்னோடி, டென்மார்க், நார்வே பண்ணைகளைக் காத்த ‘நிஸ்ஸே’ என்ற குள்ளன். பிள்ளைகளை வேவு பார்க்கும் பொம்மை என்ற குற்றச்சாட்டு புத்தகத்துக்குப் பொருந்தும். அதில் எல்ஃப் தினமும் சாண்டாவிடம் கோள் சொல்கிறது. நிஸ்ஸே கணக்குத் தீர்த்ததோ பெரியவர்களிடம். தனக்கு வைத்த கிறிஸ்துமஸ் கஞ்சியில் வெண்ணெய் காணவில்லை என்று கோபத்தில் பண்ணைப் பசுவைக் கொன்றதாம். பிறகு கிண்ணத்தின் அடியில் வெண்ணெயைக் கண்டதும் வெட்கப்பட்டு, வேறொரு பசுவைக் கொண்டுவந்து கட்டியதாம்.