பட்டா யார் பேரில்? இணையத்தில் இடம் பிடித்தவர்களின் கதை



"பேஸ்புக்கில் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. தனியாக இணையதளம் எதற்கு சார்?" சிறுதொழில் செய்யும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. பதில் இணையத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உலகின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1991-இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது. பெரிய நிறுவனமும் பெட்டிக்கடையும் ஒரே தெருவில் வாசல் வைக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

ஆனால் சொந்தமாகத் தளம் அமைக்கச் செலவும் ஆகும், விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் கலிபோர்னியாவில் ஜியோசிட்டீஸ் வந்தது. இலவசமாக இடம் கொடுத்தது. ஹாலிவுட், சிலிக்கான் வேலி என்று பேட்டைகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கதவு எண்! லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள்.

1999-இல் அதை யாகூ வாங்கியது. வாங்கிய சில மாதங்களில், குடியிருப்போர் ஏற்றிய எழுத்திலும் படத்திலும் தனக்கு விரிந்த உரிமை உண்டு என்று புதிய விதி போட்டது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகே பின்வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸையே மூடியது. ஆர்வலர்கள் ஓடியோடிப் பிரதி எடுத்தவை தப்பின. மற்றவை போயின.

நம் நாட்டுக்கு வருவோம். இளைஞர்கள் கொண்டாடிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதை நம்பி வாடிக்கையாளர் சேர்த்தவர்களுக்கு மறுநாள் கடையும் இல்லை, கணக்கும் இல்லை. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. காரணம், அந்த நிறுவனம் தன் வலையமைப்பில் செய்த ஒரு தவறான மாற்றம்.

இவற்றில் எங்கேயும் கடைக்காரர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. இடம் அவர் பேரில் இல்லை, அவ்வளவுதான்.

சொந்த இணைய முகவரிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் சரியில்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், முகவரி மாறாது. பலகையில், பில்லில், பையில் அச்சடித்த பெயர் அப்படியே இருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, நான்கு விஷயம். முகவரியை உங்கள் பேரிலேயே பதிவு செய்யுங்கள்; தளம் வடிவமைத்துத் தருபவர் பேரில் வேண்டாம். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். பொருள், விலை, கடை நேரம், தொலைபேசி எண் நான்கும் முதல் பக்கத்திலேயே தெரியட்டும். படங்களின் பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும்.

பேஸ்புக்கை விட வேண்டாம். அது சந்தை. சந்தையில் கூவி விற்கலாம். வீட்டுப் பத்திரத்தை அங்கே வைக்கக் கூடாது.

கடை வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.