வழிப்போக்கனும் வாயிற்கதவும்

தருமபுரி வட்டாரத்திலே கண்டெடுக்கப்பெற்ற பழைய மைல்கல் ஒன்றைப் பற்றி மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கல்வெட்டறிஞர் கருதும் அக்கல்லிலே, அது நிற்கும் சாலை அதியமான் பெருவழி என்பதும், அங்கிருந்து நாவல் தாவளம் என்னும் இடத்துக்கு 27 காதம் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. 29 காதம் எனக் காட்டும் மற்றொரு கல்லும் கிடைத்துள்ளது. 27 காதக் கல்லிலே எழுத்தோடும் எண்ணோடும் வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு பெரிய குழிகளும் ஏழு சிறிய குழிகளும் அதிலே வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். படிக்கத் தெரியாதவனும், இருட்டிலே வந்து கல்லைத் தடவிப் பார்ப்பவனும் இன்னும் எவ்வளவு தூரம் உண்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

அக்கல்லிலே வரும் 'தாவளம்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். தாவளம் என்பது தங்குமிடம். மூட்டை சுமந்த எருதுகளோடும் கழுதைகளோடும் ஊர் ஊராகச் சென்ற வணிகர் கூட்டத்தார், பொதியை இறக்கி வைத்து இளைப்பாறிய இடத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. சாலைக்கு அரச மரபின் பெயர் இருக்கிறது. ஆனால் தொலைவு கணக்கிடப்பட்டது அரண்மனை வாயிலுக்கு அன்று, தங்குமிடத்துக்கே. பயணம் செய்கிறவனுடைய மனத்தில் எழும் முதற் கேள்வி, 'இன்றிரவு எங்கே தங்குவது?' என்பதுதான். அரசர்களின் போர்களைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். அந்த எளிய கேள்விக்கு மனித சமுதாயம் காலந்தோறும் என்ன விடை கூறிற்று என்பதையும் படித்தல் நன்று. அதுவும் வரலாறே.

பழங்காலத்தில் விடை, விருந்தோம்பல் என்பதாக இருந்தது. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிப் பலர் பலநாள் தொடர்ந்து சென்றாலும், முதல்நாள் காட்டிய அன்பையே அவன் காட்டுவான் என்ற கருத்துப்பட ஔவையார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழியும், இடையிலே உணவு கிடைக்கும் இடமும் கூறுவதாக அவற்றுள் நான்கு அமைந்தன. திருமுருகாற்றுப்படை மட்டும் முருகனிடத்தே வழிப்படுத்துவது. எனினும், விருந்தோம்பல் தனி மனிதனின் குணத்தைச் சார்ந்தது. வள்ளல் மறைந்தால் வாயில் அடைபடும். அறிமுகமில்லாத ஆயிரம் பேர் நாள்தோறும் நடக்கும் பெருவழிக்கு ஒருவருடைய குணம் போதாது. நிலைத்த ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாடே சத்திரம்.

நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் சத்திரங்கள் பெருகின. மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே அவ்வம்மையாரின் பெயரால் ஒரு சத்திரம் உள்ளது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் சாலைநெடுகச் சத்திரங்கள் கட்டினர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1801இல் கம்பெனியின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இச்சத்திரங்களைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். எச்சாதியைச் சேர்ந்த வழிப்போக்கருக்கும் உணவு உண்டு. நோயுற்றவர் குணமாகும் வரை மருத்துவம் உண்டு. கருவுற்ற பெண்டிருக்குப் பேறுகாலப் பராமரிப்பு உண்டு. வழியில் இறந்தவருக்கு ஈமச்சடங்கும் உண்டு. இவ்வறங்கள் குலையாமல் தொடர வேண்டும் என்பதே அவர் கவலை. நாட்டை இழந்த மன்னர் சத்திரத்தை விட்டுக்கொடுக்க மனம் கொள்ளவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயின், வரலாற்று மாணவன் ஒளியை மட்டும் கண்டு திரும்பலாகாது. எல்லாச் சத்திரங்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சிலவற்றில் ஒரு சாதியாருக்கு மட்டுமே சாப்பாடு. சிலவற்றில் உள்ளே சிலருக்கு இடம், திண்ணையில் சிலருக்கு இடம், வாயிலுக்கு வெளியே சிலருக்கு இடம். நாள் முழுதும் ஒரே வெயிலில், ஒரே சாலையில் நடந்து வந்தவர்கள், அந்தி சாய்ந்ததும் வெவ்வேறு கதவுகளின் முன் நிறுத்தப்பட்டனர். சாலை பொதுவாயிருந்தது, கூரை பொதுவாயில்லை. சத்திரத்தின் பெருமையைச் சொல்லும்போது இக்குறையையும் சேர்த்துச் சொல்லுவதே நேர்மை.

தருமபுரியோடு தொடர்புடைய மற்றொருவரையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் பகுதி கம்பெனியார் கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடின் கீழ் நிலவரித் திட்டத்துக்காக இங்கே பணியாற்றியவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இப்பகுதியில் இருந்தார். தருமபுரியில் நெடுநாள் தங்கினார். பின்னர்ச் சென்னை மாகாணத்தின் கவர்னராக உயர்ந்த அவர், 1827இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதியால் மாண்டார். அவர் முதலில் அடக்கம் செய்யப்பெற்ற கூத்தியில், அவர் நினைவாக அரசாங்கத்தார் ஏற்படுத்தியது வழிப்போக்கர் சத்திரம். சென்னையில் அவருக்குக் குதிரைமேல் அமர்ந்த சிலையும் உண்டு. சிலை பார்ப்பதற்கு; சத்திரம் பசித்தவனுக்கு. இரண்டனுள் எது சிறந்த நினைவு என்பதை மாணவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். 'ஓட்டல்', 'ஆஸ்பத்திரி' என்று நாம் வழங்கும் இரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. விருந்தினன் என்றும் விருந்தோம்புவோன் என்றும் பொருள்படும் இலத்தீன் சொல்லே அவ்வேர். ஆல்ப்ஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில், பதினோராம் நூற்றாண்டிலே துறவிகள் ஒரு சாவடியை நிறுவினர். பனியில் வழி தவறியவரைத் தேடிக் கொணர்ந்து காத்தனர். நம்மூர்ச் சத்திரத்துக்கும் அதற்கும் நோக்கம் ஒன்றே. இங்கிலாந்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. வழிப்போக்கரை ஏற்பதாகக் கதவு திறந்தவன், இடம் இருக்கும்போது, கட்டணம் தர இயலும் பயணியைத் தக்க காரணமின்றித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்நாட்டின் பழைய பொதுச்சட்ட நெறி. அங்கே விருந்தோம்பல் ஓர் அறமாக மட்டும் நில்லாமல், கடமையாகவும் ஆகிவிட்டது.

புகைவண்டி வந்த பிறகு பயணம் பெருகிற்று. சத்திரங்கள் சாலையோரத்தை விட்டுப் புகைவண்டி நிலையங்களை நாடின. சென்னைச் சென்ட்ரல் நிலையத்தின் அருகே சவலை இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் இதற்குச் சான்று. ஐரோப்பிய நகரங்களில் ஓட்டல்கள் வானளாவ எழுந்தன. ஆனால் அவற்றின் கட்டணம் தொழிலாளிக்கும் மாணவனுக்கும் எட்டாததாயிற்று. குறைந்த செலவில் தங்குமிடம் வேண்டும் என்னும் எண்ணம் ஒரு பள்ளி ஆசிரியருக்கே உதித்தது என்பதைக் கூறுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அவர் பெயர் ரிச்சர்டு ஷிர்மன். ஜெர்மனியிலுள்ள ஆல்டேனா என்ற ஊரில் ஆசிரியர். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துச் சென்றபோது இடியும் மழையும் வந்தன. சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர்கள் புகுந்தனர். பெஞ்சுகளை ஒதுக்கி, வைக்கோல் பரப்பிப் படுத்தனர். சிறுவர்கள் உறங்க, ஆசிரியர் விழித்திருந்தார். விடுமுறை நாட்களில் பள்ளிகள் காலியாகத்தானே கிடக்கின்றன; நடந்தே நாடு சுற்றும் பிள்ளைகளுக்கு அவற்றையே தங்குமிடமாக்கினால் என்ன என்று எண்ணினார். ஆல்டேனாக் கோட்டையில் உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. 1932இல் அனைத்துலகக் கூட்டமைப்புத் தோன்றிற்று. நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் அவ்விடுதிகளைத் தம் வசப்படுத்தி, ஷிர்மனையும் பொறுப்பிலிருந்து விலக்கினர். எல்லா நாட்டு இளைஞரும் ஒரே கூரையின் கீழ் உறங்குவது அவர்கள் கொள்கைக்கு ஒவ்வாது போயிற்று. போர் முடிந்த பின் இயக்கம் மீண்டும் தழைத்தது. இந்திய இளைஞர் விடுதிச் சங்கம் 1949இல் அமைந்தது. இன்று நம் மாணவன் ஒருவன் ஐரோப்பிய நகரில் குறைந்த கட்டணத்தில் ஒரு கட்டில் பெற்றுத் தங்குகிறானாயின், அதன் பின்னே ஓர் ஆசிரியரின் தூக்கமில்லா இரவு இருக்கிறது.

இலண்டன் மாநகரில் நம்மவர் தங்கிய கதை இன்னும் அணுக்கமானது. சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராகப் பணியாற்றிய முதல் இந்தியர். அந்நாளில் தருமபுரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அவரை நம்மவர் என்று உரிமையோடு சொல்லலாம். படிப்புக்காக இலண்டன் சென்ற இந்திய மாணவர்கள் தங்க இடமின்றித் திண்டாடினர். பணம் ஒரு தடை. நிறம் மற்றொரு தடை. கறுத்த தோலைக் கண்டதும் அறை காலியில்லை என்று கூறிய வீட்டுக்காரர்கள் பலர். இந்நிலையில் 1920இல் பால் அவர்களின் முயற்சியால் இந்திய மாணவர்களுக்கான விடுதி இலண்டனில் தோன்றிற்று. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அதன் கட்டடம் சேதமுற்றது. பின்னர் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. எந்நாட்டவரும் தங்கும் எளிய விடுதியாக இன்றும் அது விளங்குகிறது. பிறர் கதவை மூடியபோது, வைது கொண்டிராமல் தாமே ஒரு கதவைத் திறந்து வைத்தார் சேலத்துக்காரர்.

எனினும் மூடிய கதவைத் தட்டவும் ஒருவர் வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், 1943இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக இலண்டன் வந்து, மனைவி மகளோடு இம்பீரியல் ஓட்டலில் அறை பதிவு செய்திருந்தார். நிறத்தின் காரணமாக அவர் தொடர்ந்து தங்க மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். நான் முன்னே கூறிய அப்பழைய நெறி நீதிமன்றத்தில் அவருக்குத் துணை நின்றது. 1944இல் தீர்ப்பு அவர் பக்கமாயிற்று. கிடைத்த இழப்பீடு ஐந்து கினி மட்டுமே. ஆனால் நிலைநாட்டப்பட்ட நியாயம் பெரிது. பொது இடங்களில் இனவேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை 1965இல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிற்று.

இவ்வகையில் நம் நாடு முந்திக்கொண்டது எனலாம். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் விதி, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு கடை, உணவுச்சாலை, ஓட்டல் முதலியவற்றில் எக்குடிமகனையும் தடுக்கலாகாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தருமசாலைகளையும் சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டு, தடுப்போருக்குத் தண்டனையும் விதித்தது. 1976இல் அச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்று மேலும் வலுவடைந்தது. ஆனால் சட்டம் கதவின் தாழ்ப்பாளை நீக்கலாம்; வருகிறவனைப் பார்த்து, 'வாருங்கள்' என்று சொல்ல மனிதன்தான் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ பழைய சத்திரம் ஒன்று இருக்கக்கூடும். இடிந்தும் இருக்கலாம், அலுவலகமாகவோ கிடங்காகவோ மாறியும் இருக்கலாம். ஒரு விடுமுறை நாளில் அங்கே செல்லுங்கள். கல்வெட்டு இருப்பின் படியெடுங்கள். முதியவர்களிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதைக் கட்டியவர் யார்? இங்கே உண்டவர் யார்? உள்ளே விடப்படாதவர் யார்? மூன்றாம் வினாவுக்கு விடை கூறப் பெரியவர்கள் தயங்கினால், பொறுமையோடு காத்திருங்கள். அவ்விடையையும் சேர்த்து எழுதும்போதுதான் உங்கள் ஊரின் வரலாறு முழுமை பெறும்.